மலையேறாத பங்கு

இந்தப் பக்கத்தில் வழக்கமாக ஒரு புத்தகத்தையோ சினிமாவையோ பிடித்துக் கொண்டு ஏதாவது சொல்வேன். இந்த வாரம் விமர்சனத்துக்கு எடுத்துக் கொண்டிருப்பது ஒரே ஒரு வாக்கியம். எழுதியது இந்தியப் பாராளுமன்றம். வெளிவந்த வருடம் 1956. இந்து வாரிசு உரிமைச் சட்டம், பிரிவு 2, உட்பிரிவு 2. அய்யோ சட்டமா என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் வீட்டு பீரோவிலும் ஒரு கூட்டுப் பட்டா இருக்கும். அதில் உங்கள் பேர் இருக்கிறதா, உங்கள் தங்கை பேர் இருக்கிறதா என்று என்றைக்காவது எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா?

வாக்கியத்துக்கு வருமுன் கள்ளக்குறிச்சிக்குப் போக வேண்டும். கள்ளக்குறிச்சிக்காரர்களுக்குப் பாகப்பிரிவினை புதிதில்லை. 1993-ல் தென்னாற்காட்டிலிருந்து விழுப்புரம் பாகம் பிரிந்தது. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்து தனி மாவட்டம் ஆனது. மாவட்டத்துக்கே பங்கு கிடைத்துவிட்டது. வீட்டுப் பெண்களுக்கு?

சார் பதிவாளர் அலுவலக வாசலில் ஒரு காலைப் பொழுது நின்று பாருங்கள். பத்திர எழுத்தர் மேஜையைச் சுற்றி ஒரு குடும்பமே நிற்கும். அண்ணன் தம்பிகள் முன்னால் நிற்பார்கள். அக்கா தங்கைகள் புளியமரத்து நிழலில் உட்கார்ந்திருப்பார்கள். பேர் சொல்லிக் கூப்பிடும்போது எழுந்து வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, விரல் ரேகை வைத்துவிட்டு, போட்டோ எடுத்துக் கொண்டு மறுபடி நிழலுக்குப் போவார்கள். அவர்கள் போட்ட காகிதத்துக்கு விடுதலைப் பத்திரம் என்று பெயர். யாருக்கு யாரிடமிருந்து விடுதலை என்று நான் கேட்டதில்லை. கேட்டால் பத்திர எழுத்தர் முறைப்பார்.

அந்தக் காகிதத்துக்குப் பின்னால் இருக்கிற சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவருக்கு மூன்று ஏக்கர், ஒரு கிணறு, ஒரு வீடு. மனைவி முன்பே போய்விட்டார். இரண்டு மகன், ஒரு மகள். உயில் எழுதாமல் கண்ணை மூடுகிறார். அந்த நிமிடமே மூன்று பேரும் சரிசமமாக, அதாவது ஆளுக்கு மூன்றில் ஒன்று, கூட்டு உரிமையாளர்கள். எந்த வரப்பு யாருக்கு என்பது இன்னும் இல்லை. ஒவ்வொரு பிடி மண்ணிலும் மூன்று பேருக்கும் பங்கு உண்டு. மூத்தவர் தன் பேரில் பட்டா மாற்றிக் கொண்டார் என்பதால் அவர் ஒருவரே முதலாளி ஆகிவிட முடியாது. பட்டா என்பது வரி கட்டுகிறவர் யார் என்று தாலுகா ஆபீஸ் எழுதி வைத்துக் கொள்கிற கணக்கு, அவ்வளவுதான். இருபது வருடமாக அவரே உழுதாலும் தங்கையின் பங்கு கரைந்து போகாது. பங்காளி ஒருவர் கையில் இருப்பது எல்லோர் கையிலும் இருப்பதாகத்தான் கோர்ட் எடுத்துக் கொள்ளும். ‘உனக்கு இங்கே ஒன்றும் கிடையாது, போ’ என்று வெளிப்படையாக மறுத்து, அதன் பிறகும் 12 வருடம் அவள் சும்மா இருந்தால்தான் சிக்கல்.

மூத்தவர் மூன்று ஏக்கரையும் தனியாக விற்றுவிட்டால்? விற்கிறவருக்கு எவ்வளவு உரிமையோ அவ்வளவுதான் வாங்குகிறவருக்குப் போகும். வாங்கியவர் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் சொந்தக்காரர் ஆகி, பாகம் பிரித்துத் தரச் சொல்லி வழக்குப் போட வேண்டியதுதான். வீடாக இருந்தால் சட்டம் இன்னும் கொஞ்சம் ரோஷக்காரன். பிரிக்காத குடும்ப வீட்டில் ஒருவருடைய பங்கை அசலார் வாங்கினால், 1882-ம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டப்படி அவர் பெட்டி படுக்கையோடு உள்ளே வர முடியாது. அவர் வழக்குப் போட்டால், 1893-ம் வருடத்துப் பாகப்பிரிவினைச் சட்டப்படி, கோர்ட் நிர்ணயிக்கிற விலையைக் கொடுத்து அவர் பங்கை வீட்டுக்காரர்களே வாங்கிக் கொள்ளலாம். கிணற்றையும் ஒற்றை அறை வீட்டையும் எப்படி மூன்றாக வெட்டுவது? பாதியோ அதற்கு மேலோ பங்கு உள்ளவர்கள் கேட்டால், கோர்ட்டே மொத்தமாக விற்றுப் பணத்தைப் பிரித்துத் தரலாம். விற்பதற்கு முன் கூடப் பிறந்தவர்களுக்கு முதல் வாய்ப்புத் தர வேண்டும் என்று வாரிசு உரிமைச் சட்டத்தின் 22-ம் பிரிவு சொல்கிறது. அது விவசாய நிலத்துக்கும் செல்லும் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

மகளுக்குப் பூர்வீகச் சொத்திலும் பிறப்பிலேயே பங்கு என்பதைத் தமிழ்நாடு 1989 மார்ச் 25-லிருந்தே சொல்லிவிட்டது. அதற்கு முன் கல்யாணம் ஆகிப் போனவர்களுக்கு இல்லை என்று ஒரு முடிச்சும் போட்டது. 2005-ல் மத்திய அரசு அந்த முடிச்சை அவிழ்த்தது. 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், 2005-ல் அப்பா உயிரோடு இருந்தாரா இல்லையா என்ற கேள்வியையும் தூக்கி எறிந்தது. ஆக, சமவெளியில் விஷயம் முடிந்துவிட்டது. புளியமரத்து நிழலில் உட்கார்ந்திருக்கிற தங்கை ஏமாற்றப்படலாம், மிரட்டப்படலாம், ‘முப்பது பவுன் போட்டோமே’ என்று கண்ணீரால் மடக்கப்படலாம். ஆனால் அவளை வண்டி வைத்துக் கூட்டி வந்தாக வேண்டும். அவள் கையெழுத்து வேண்டும் என்றால், அவளிடம் எழுதிக் கொடுக்க ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அந்தக் கையெழுத்துக்கு அரசாங்கம் கட்டணம்கூட வாங்குகிறது. 2023 ஜூலையில் அதை ஏற்றினார்கள்.

இப்போது மலைக்குப் போகலாம்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை, அப்புறம் கொண்டை ஊசி வளைவுகள். கரும்பு பின்தங்கி மரவள்ளி வர ஆரம்பிக்கிறது. 2,000 அடிக்கு மேலே போனால் வெள்ளிமலை, கல்வராயன்மலைத் தாலுகாவின் தலைநகர். பெரும்பாலும் மலையாளிப் பழங்குடி மக்கள். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தம் இல்லை. மலையை ஆள்பவர்கள் என்பதால் மலையாளி. அவர்களுடைய பூர்வ கதையே ஒரு பாகப்பிரிவினை. காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு வந்த மூன்று சகோதரர்களில் பெரியண்ணன் சேர்வராயனையும், நடுவண்ணன் பச்சைமலையையும், சின்னண்ணன் கொல்லிமலையையும் எடுத்துக் கொண்டார்கள் என்று போகிறது. கதையை ஊருக்கு ஊர் வேறு மாதிரி சொல்கிறார்கள். நான் கேட்ட, படித்த எந்த மாதிரியிலும் தங்கைக்கு எந்த மலை என்று இல்லை.

கல்வராயன் ரொம்ப காலம் ஜாகிர் பூமி. கள்ளக்குறிச்சிப் பக்கத்து மலையைச் சடைய கவுண்டன், குறும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்று மூன்று ஜாகிர்தார் பரம்பரைகள் வைத்திருந்தன. உழுதவர்கள் வரியும் கொடுத்து ஊழியமும் செய்தார்கள். நாடு சுதந்திரம் வாங்கியது, ஜமீன்கள் ஒழிந்தன, ஆனால் இந்த மலை அரசாங்கத்தின் கைக்கு வந்தது 1976 ஜூன் 25-ம் தேதி. எமர்ஜென்சிக்கு முதல் பிறந்த நாள்! இந்தியா முழுவதும் உரிமைகள் முடங்கிக் கிடந்த நாளில் ஒரு மலைக்கு ஜாகிரிலிருந்து விடுதலை கிடைத்திருக்கிறது. சரித்திரத்துக்கு இந்த மாதிரி குறும்பு உண்டு.

ஆக கீழே இருப்பவர்களுக்குத் தாத்தா காலத்துத் தாய்ப்பத்திரம் இருக்கும். மேலே இருப்பவர்களுக்குக் காகிதம் என்பதே நேற்றைய சமாச்சாரம். அந்த நேற்றைய காகிதத்தில் யார் பேர் ஏறியது? வீட்டுத் தலைவர் பேர். அவர் போனபின் மகன்கள் பேர்.

போன மழைக்காலத்தில் வெள்ளிமலை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். ஐம்பது வயது இருக்கும். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் திரும்பிக் கொண்டிருந்தார். மூன்று அண்ணன்கள், இவர் ஒரே பெண். அப்பா நிலம் நாலு ஏக்கர் சொச்சம். ‘உங்களுக்கு எவ்வளவும்மா?’ என்றேன்.

‘எனக்கு என்னா சார்? பொண்ணுங்களுக்கு எங்க வழக்கத்துல கிடையாது.’

‘சீர் வரிசை ஏதாவது?’

‘சீரா? எங்கள்ல மாப்பிள்ளை வீடுதான் பரியம் குடுக்கணும். எங்க அப்பாதான் வாங்கினாரு.’

எனக்குச் சுருக்கென்றது. கீழே ‘நகை போட்டுவிட்டோம், நிலம் எதற்கு’ என்கிறார்கள். மேலே நகையும் போடவில்லை. பெண்ணுக்காகப் பணம் வாங்கியது பிறந்த வீடுதான். இரண்டு ஊரிலும் கணக்கை நேர் எதிராக எழுதுகிறார்கள், கடைசி வரியில் விடை மட்டும் ஒன்றாக வருகிறது.

‘அண்ணன்கள் உங்களிடம் கையெழுத்து வாங்கினார்களா?’ என்று கேட்டேன். ‘என் கையெழுத்து எதுக்கு சார்?’ என்று நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

அந்த ஆச்சரியத்துக்குக் காரணமான வாக்கியத்தைத்தான் இந்த வாரம் விமர்சிக்கிறேன். என் தமிழில் அது இப்படி வரும்: முந்தின உட்பிரிவில் என்ன சொல்லியிருந்தாலும் சரி, மத்திய அரசு அரசிதழில் அறிவித்தால் ஒழிய, இந்தச் சட்டத்தில் உள்ள எதுவும் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது.

அவ்வளவுதான். மகளுக்குச் சம பங்கு, விற்குமுன் உடன்பிறந்தவருக்கு முதல் வாய்ப்பு, 1989, 2005, 2020 என்று மேலே நான் மூச்சு வாங்கச் சொன்னதில் பெரும்பகுதி கச்சிராயபாளையத்தோடு நின்றுவிடுகிறது. ‘அந்தக் காலமெல்லாம் மலையேறிப் போச்சு’ என்கிறோமே, சட்டம் மட்டும் மலையேறவில்லை.

வாக்கியத்தை எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை. அதையும் சொல்ல வேண்டும். பழங்குடி மக்களுக்கென்று வழக்காறுகள் உண்டு, டில்லியில் உட்கார்ந்து கொண்டு ஒரே மாவில் எல்லோருக்கும் இட்லி ஊற்றக் கூடாது என்பது நியாயமான கவலைதான். மேகாலயாவில் காசி மக்களிடம் குடும்பச் சொத்து கடைக்குட்டி மகளுக்குப் போகிறது. அங்கே போய் எங்கள் சட்டப்படி பிரி என்றால் அநியாயம். என் குறை வேறு. அந்த வாக்கியம் ‘பொருந்தாது’ என்று கதவைச் சாத்திவிட்டு, பதிலுக்கு எது பொருந்தும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வழக்காறு என்றால் யார் சொல்கிற வழக்காறு? ஊர்க் கவுண்டர் சொல்வதா, அண்ணன் சொல்வதா? தங்கையைக் கேட்டார்களா? விதிவிலக்கை நீக்குகிற சாவியை மத்திய அரசின் கையில் கொடுத்தார்கள். அந்தச் சாவி துருப்பிடித்துக் கிடக்கிறது.

நிலம் வெளியார் கைக்குப் போய்விடும் என்று ஒரு பயம் சொல்வார்கள். பெண் வெளியே கட்டிக் கொண்டு போனால் பங்கும் கூடப் போகுமாம். அசட்டையாகத் தள்ளக் கூடிய பயம் இல்லை. தமிழ்நாட்டில் அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணைப்படி அறிவிக்கப்பட்ட பழங்குடிப் பகுதி ஒன்றுகூடக் கிடையாது. ஆந்திராவில் 1970-ல் கடுமையாக்கிய நில மாற்றத் தடை மாதிரி அரண் இங்கே இல்லை. ஆனால் அண்ணன்கள் கடனுக்கு எழுதிக் கொடுக்கிற நிலமும் அதே கணவாய் வழியாகத்தானே இறங்கிப் போகிறது? வெளியாருக்கு விற்பதைத் தடுக்க வேண்டுமானால் விற்பதைத் தடுக்கட்டும். பங்கைத் தடுப்பானேன்?

இந்த வாக்கியத்தோடு கோர்ட்டுகள் மல்லுக்கட்டுவது ஒரு தனி சினிமா. ஒடிசாவில் கையகப்படுத்திய நிலத்தின் நஷ்ட ஈட்டில் பங்கு கேட்டு ஒரு பழங்குடிப் பெண் உச்ச நீதிமன்றம் வரை போனார். 2022 டிசம்பரில் தீர்ப்பு. ‘பெண்ணுக்குப் பங்கு மறுக்க நியாயமே இல்லை, மத்திய அரசு சட்டத்தைத் திருத்த யோசிக்க வேண்டும்’ என்று சொல்லிவிட்டு, சட்டம் இப்படி இருப்பதால் உனக்கு இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். தலையில் தடவிக் கொடுத்து வெளியே தள்ளுவது என்பது இதுதான்.

இரண்டே மாதத்தில், 2023 பிப்ரவரியில், சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி எஸ்.எம். சுப்பிரமணியம் வேறு மாதிரி எழுதினார். தமிழ்நாட்டுப் பழங்குடிக் குடும்பம் ஒன்றின் பாகப்பிரிவினை வழக்கு அது. பெண்ணைத் தள்ளி வைக்கிற வழக்கம் நிரூபிக்கப்படாதபோது அவளுக்குச் சம பங்கு உண்டு என்றார். மத்திய அரசின் அறிவிப்பு வருவதற்கான நடவடிக்கை எடுக்கும்படி தமிழக அரசுக்கும் சொன்னார். அதே நீதிபதி இருந்த அமர்வுதான், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி விஷச் சாராயச் சாவுகளுக்குப் பிறகு, கல்வராயன்மலை மக்களின் நிலைமையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்து ரோடு, ஆஸ்பத்திரி என்று கேள்விகள் கேட்டது. ஒரு மலை செய்தியில் அடிபட அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் அடிவாரத்தில் சாக வேண்டியிருந்தது.

2025 ஜூலையில் வந்த தீர்ப்பை நான் கொஞ்சம் கொண்டாடுவேன். சத்தீஸ்கரில் கோண்டு இனத்துப் பெண் ஒருவருடைய பிள்ளைகள், தாய்வழித் தாத்தா நிலத்தில் அம்மாவின் பங்கைக் கேட்டார்கள். 1992-ல் மறுக்கப்பட்ட பங்கு. கீழ்க் கோர்ட்டுகள் அவர்களிடம், ‘பெண்ணுக்குப் பங்கு தருகிற வழக்கம் உங்கள் இனத்தில் இருப்பதை நிரூபியுங்கள்’ என்றன. முடியவில்லை. தோற்றார்கள். உச்ச நீதிமன்றம் கேள்வியைத் திருப்பிப் போட்டது. கொடுக்கிற வழக்கத்தை அவள் ஏன் நிரூபிக்க வேண்டும்? கொடுக்கக் கூடாது என்ற வழக்கம் இருப்பதாக யாரும் நிரூபித்தார்களா? இல்லை அல்லவா, சமத்துவம்தான் விதி. சம பங்கு கொடு. 33 வருடம் கழித்து.

இப்படிச் சந்தோஷப்பட்டு மூன்று மாதம் ஆகவில்லை. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் இன்னொரு தீர்ப்பு. இமாசலப் பிரதேச உயர் நீதிமன்றம் 2015-ல், பழங்குடி மகள்களுக்கும் இந்து வாரிசு உரிமைச் சட்டப்படியே பங்கு என்று பொதுவாக எழுதியிருந்ததை ரத்து செய்தது. காரணம்? நம்ம வாக்கியம்தான். அறிவிப்பு இல்லாமல் சட்டம் செல்லாது. இதில் வேடிக்கை, இரண்டு தீர்ப்புகளும் ஒன்றை ஒன்று அடித்துவிடவில்லை. இந்தச் சட்டத்தின் பெயரால் கேட்டால் கிடைக்காது, சமத்துவத்தின் பெயரால் கேட்டால் கிடைக்கலாம். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா இந்த நுணுக்கத்தை எந்த வக்கீலிடம் போய்க் கற்றுக் கொள்வது?

எங்கள் தொழிலையும் விட்டுவிடக் கூடாது. வாரப் பத்திரிகைகளில் சட்டக் கேள்வி பதில் வராத வாரம் உண்டா? ‘பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு உண்டா?’ என்று வாசகி கேட்பார். ‘தாராளமாக உண்டு சகோதரி’ என்று பதில் வரும். நானும் ஒரு காலத்தில் அப்படிப் பதில் சொன்னவன்தான். நீங்கள் எந்த மலை, எந்தச் சமூகம் என்று ஒரு தடவைகூட எதிர்க் கேள்வி கேட்டதில்லை. கேட்கத் தோன்றவில்லை என்பதுதான் விஷயம். மலையிலிருந்து எவளாவது எழுதியிருந்தால் தப்பான பதிலை வாங்கிக் கொண்டு போயிருப்பாள்.

இதே பாராளுமன்றத்துக்கு நன்றாக எழுதவும் தெரியும். 2006-ல் கொண்டு வந்த வன உரிமைச் சட்டத்தில் 4-ம் பிரிவைப் பாருங்கள். காட்டு நிலத்துக்குக் கொடுக்கிற உரிமை, கல்யாணம் ஆனவர்களாக இருந்தால் கணவன் மனைவி இரண்டு பேர் பேரிலும் சேர்த்துப் பதிய வேண்டும். வாரிசுக்குப் போகும், ஆனால் விற்க முடியாது. ஒரே பத்தியில் பெண்ணையும் பங்காளி ஆக்கியாயிற்று, நிலம் வெளியே போகுமே என்ற பயத்துக்கும் வைத்தியம் பார்த்தாயிற்று. ஐம்பது வருடம் முந்தைய அந்த ஒற்றை வரிக்குப் பக்கத்தில் இதை வைத்துப் படித்தால், வழக்காறைக் காப்பதும் பெண்ணுக்குக் கொடுப்பதும் சண்டைக்காரர்கள் இல்லை என்பது தெரிகிறது. ஆனால் இதிலும் மகள் எங்கே? வாரிசு என்று வரும்போது மறுபடி, யார் வாரிசு என்று வழக்காறைத்தான் கேட்க வேண்டும். ஒரே கொல்லையில் அம்மா பட்டாதாரர், மகள் விருந்தாளி.

அதனால் மலைப் பக்கத்து வாசகிகளே, அண்ணன் ‘நம்ம வழக்கத்துல இல்ல’ என்று சொன்னால் அதோடு திரும்பி வந்துவிடாதீர்கள். அந்த வழக்கம் எவ்வளவு காலமாக, எந்தெந்தக் குடும்பத்தில், விடாமல் நடந்திருக்கிறது என்று நிரூபிப்பது சொல்கிறவர் பாடு. எந்த வீட்டிலாவது விதவை மகளுக்கு ஒரு கொல்லையை ஒதுக்கியிருக்கிறார்களா, ஆண் பிள்ளை இல்லாத வீட்டில் மகள் உழுது சாப்பிட்டிருக்கிறாளா என்று பெரியவர்களை விசாரித்து வையுங்கள். சிட்டா நகல் ஒன்று எடுத்து வையுங்கள். நிலத்தை விற்கப் போகிறார்கள் என்று காதில் விழுந்தால், விற்ற பிறகு அழுவதைவிட, முன்பே பாகம் கேட்டு வழக்குப் போட்டு விற்பனைக்கு இடைக்காலத் தடை கேட்பது மேல். இலவச சட்ட உதவி பெண்களுக்கும் உண்டு, பழங்குடியினருக்கும் உண்டு. நீங்கள் இரண்டும்.

பஸ்ஸில் அந்த அம்மாவுக்கும் இதில் கொஞ்சம் சொன்னேன். மஞ்சள் பையிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டுகளுக்கு நடுவே மடித்து வைத்திருந்த ஒரு ஜெராக்ஸை எடுத்துக் காட்டினார். அப்பா நிலத்துப் பட்டா. அண்ணன்கள் மூன்று பேர் பேரும் வரிசையாக இருந்தன. ஏன் இதைப் பையில் வைத்துக் கொண்டு திரிகிறார் என்று நான் கேட்கவில்லை. கடைசிப் பேருக்குக் கீழே கொஞ்சம் வெள்ளையாக இடம் இருந்தது. அங்கே விரலை வைத்து, ‘எழுதறதா இருந்தா இங்கதான் எழுதுவாங்களா சார்?’ என்று கேட்டார்.

‘ஆமாம்மா, அங்கேதான்’ என்றேன்.